விமானப் படம் பார்க்கும்போது யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம்?

2022 ஏப்ரலில் 'பீஸ்ட்' ரிலீஸ் ஆனது. படத்தைவிட அதன் க்ளைமாக்ஸ் க்ளிப் தான் அதிகம் ஓடியது. ஹீரோ போர் விமானத்தை எடுத்துக்கொண்டு எல்லை தாண்டிப் போவார், வேலையை முடிப்பார், சாவகாசமாகத் திரும்பி வருவார். விமானப் படையில் பறந்த அனுபவம் உள்ளவர்களே அந்த க்ளிப்பை ட்விட்டரில் பகிர்ந்து கேள்வி கேட்டார்கள். அப்புறம் மீம்தான், ட்ரோல்தான். அது காமெடி சீன் கிடையாது. ஆனாலும் நாடே சிரித்தது.

அதற்கு ஒன்றரை வருஷம் முன்னால், 2020 நவம்பரில் 'சூரரைப் போற்று' ஓடிடியில் வந்தது. விமானத் துறை ஆட்களைக் கேட்டால் அதிலும் பத்துத் தப்பு சொல்வார்கள். ஆனால் யாரும் சிரிக்கவில்லை. ஊரே அழுதது. 68-வது தேசிய விருதுகளில் சிறந்த படம், நடிகர், நடிகை, திரைக்கதை, பின்னணி இசை என ஐந்து விருதுகள் கிடைத்தன.

தப்பு இரண்டு படத்திலும் இருக்கிறது. ஒன்றில் சிரிப்பு வருகிறது, இன்னொன்றில் கண்ணீர் வருகிறது. ஏன்?

மெஷின் நிஜம், மனுஷ நிஜம்

விமானப் படத்தில் இரண்டு வகை நிஜம் உண்டு. எந்த பட்டனை எப்போது அழுத்த வேண்டும், எந்த மாஸ்க் போட வேண்டும் என்பது மெஷின் நிஜம். அந்த இடத்தில் இருக்கும் மனுஷன் எப்படிப் பயப்படுவான், என்ன பேசுவான், எதற்காக அங்கே வந்தான் என்பது மனுஷ நிஜம். மனுஷ நிஜம் சரியாக இருந்தால் மெஷின் தப்பை ரசிகன் மன்னித்துவிடுவான். இரண்டும் இல்லையென்றால் மீம் ஆகிவிடும்.

'சூரரைப் போற்று' கேப்டன் ஜி.ஆர். கோபிநாத்தின் வாழ்க்கையைத் தழுவியது. அவர் கர்நாடகாவின் கோரூர்க்காரர், ராணுவத்தில் இருந்தவர், 1971 போரைப் பார்த்தவர். படத்தில் அவர் சோழவந்தான் நெடுமாறன் ஆகிறார், விமானப் படைக்காரர் ஆகிறார். படத்தைப் பார்த்த கோபிநாத்தே, கற்பனை நிறையக் கலந்திருக்கிறது, ஆனால் கதையின் சாரம் அப்படியே வந்திருக்கிறது என்ற பொருளில்தான் எழுதினார்.

நிஜக் கதையிலும் சினிமாவுக்குக் குறைவில்லை. ஏர் டெக்கான் 2003 ஆகஸ்டில் பெங்களூரு – ஹூப்ளி வழியில் பறக்க ஆரம்பித்தது. அடுத்த மாதமே ஹைதராபாத் – விஜயவாடா தொடக்க விமானம், அரசியல் தலைவர்கள் உள்ளே உட்கார்ந்திருக்க, கிளம்பும் முன்பே எஞ்சினில் தீப்பிடித்தது. அதையும் தாண்டித்தான் ஒரு ரூபாய் டிக்கெட் வந்தது. ஆர்.கே. லக்ஷ்மணின் 'காமன் மேன்' அந்த நிறுவனத்தின் அடையாளமாக இருந்தார்.

படம் சொல்லாமல் விட்ட க்ளைமாக்ஸ் ஒன்றும் உண்டு. படத்தில் ஆடம்பர விமான நிறுவன முதலாளி இணையலாம் என்று கூப்பிடும்போது மாறன் சிரித்தபடி மறுத்துவிடுவார். நிஜத்தில் 2007-ல் விஜய் மல்லையாவின் குழுமம் ஏர் டெக்கானில் பங்கு வாங்கியது. டெக்கான் பெயர் மாறி 'கிங்ஃபிஷர் ரெட்' ஆனது. 2012-ல் கிங்ஃபிஷரே தரையில் நின்றுவிட்டது. மலிவு டிக்கெட்டின் கணக்கு எவ்வளவு கஷ்டம் என்பதுதான் இந்தக் கதையின் கடைசிப் பாடம். அது ஹீரோவுக்கு ஒத்துவராது என்பதால் சினிமா அதை எடுக்கவில்லை.

பெட்ரோல் தீரும்போது என்ன நடக்கும்?

படத்தின் பரபரப்பான இடம் எது? எரிபொருள் குறைகிறது, தரையிறங்க அனுமதி கிடைக்கவில்லை, கடைசியில் விமானப் படைத் தளத்தில் இறக்குகிறார்கள். சீட் நுனிக்கு வந்துதான் பார்த்தோம்.

நிஜத்தில் கணக்கு வேறு. ஒவ்வொரு விமானமும் கிளம்பும்போதே போகும் ஊருக்கான எரிபொருள், வழியில் கூடுதலாகச் செலவானால் அதற்கொரு பங்கு, அந்த ஊரில் இறங்க முடியாவிட்டால் மாற்று ஊருக்குப் போக ஒரு பங்கு, அதற்கும் மேலே சுமார் 30 நிமிஷம் வானில் சுற்றும் அளவுக்குக் கடைசிக் கையிருப்பு என்று போட்டுக்கொண்டுதான் ஏற வேண்டும். அந்தக் கடைசிக் கையிருப்பில் கை வைக்க வேண்டி வரும் என்று தெரிந்தால் பைலட் 'மேடே ஃப்யூயல்' என்று அறிவிக்க வேண்டும். அறிவித்துவிட்டால் அந்த விமானத்துக்குத்தான் முதல் வழி, விஐபி வந்தாலும் காத்திருக்க வேண்டியதுதான்.

2025 ஜூனில் குவஹாட்டியிலிருந்து சென்னை வந்த ஒரு விமானம் இங்கே இறங்க முடியாமல் பெங்களூருவுக்குத் திரும்பியது. போகும் வழியில் எரிபொருள் குறைவு என 'மேடே' சொல்லிப் பத்திரமாக இறங்கியது. யாரும் யாரையும் மிரட்டவில்லை. எழுதிவைத்த விதி வேலை செய்தது.

இது போரடிக்கும் விஷயம் என்று சினிமாக்காரர்கள் நினைக்கலாம். ஆனால் 2015 ஆகஸ்டில் தோஹா – கொச்சி விமானத்தில் நடந்தது போரடிக்கும் கதையா? மோசமான வானிலை. கொச்சியில் மூன்று முறை முயன்று முடியவில்லை. திருவனந்தபுரத்துக்குப் போய் அங்கேயும் மூன்று முறை முடியவில்லை. ஏழாவது முயற்சியில், டேங்க் கிட்டத்தட்ட காலியான நிலையில் இறங்கினார்கள். உள்ளே சுமார் 150 பேர். 2022-ல் வந்த ஹிந்திப் படம் 'ரன்வே 34' இதைத் தழுவியதுதான்.

ஹீரோயிசம் எங்கே ஆபத்தாகிறது?

என் புகாரே இங்கேதான். நம் படங்களில் நல்ல பைலட் என்றால், என்ன ஆனாலும் இறக்கிக் காட்டுபவர். நிஜத்தில் நல்ல பைலட் என்றால், சரிப்படவில்லை என்றால் கௌரவம் பார்க்காமல் மறுபடி மேலே ஏறுபவர். இதற்குப் பெயர் 'கோ அரவுண்ட்'. தரைக்குப் பக்கத்தில் வந்த விமானம் திடீரென உறுமிக்கொண்டு மேலே ஏறினால், உள்ளே இருப்பவர்கள் சாமி கும்பிட ஆரம்பித்துவிடுவார்கள். உண்மையில் அந்த நொடியில் உங்களைப் பாதுகாப்பான பக்கம் கொண்டுபோகிறார்கள்.

2020 ஆகஸ்ட் 7 அன்று கோழிக்கோட்டில் துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் மழையில் ஓடுபாதையைத் தாண்டிச் சரிந்தது. 190 பேரில் 21 பேர் இறந்தார்கள், இரண்டு பைலட்டுகளும்தான். தொட வேண்டிய இடத்தைத் தாண்டி, ஓடுபாதையில் வெகுதூரம் போன பிறகே சக்கரம் தரையைத் தொட்டது என்றும், பக்கத்தில் இருந்த பைலட் 'கோ அரவுண்ட்' சொல்லியும் இறங்குவது தொடர்ந்தது என்றும் விசாரணை அறிக்கை சொன்னது.

இறந்தவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஆனால் 'எப்படியாவது இறக்கிவிடணும்' என்ற எண்ணம் காக்பிட்டில் எவ்வளவு ஆபத்து என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். அதே எண்ணத்துக்குத்தான் தியேட்டரில் விசில் அடிக்கிறோம். பக்கத்து சீட் பைலட் 'வேண்டாம், மேலே ஏறு' என்று சொல்ல, கேப்டன் அதைக் கேட்கும் ஒரு காட்சியைத் தமிழில் யாராவது மாஸாக எடுத்துக் காட்டட்டும், பார்ப்போம்.

ஹாலிவுட்டும் இதில் யோக்கியம் இல்லை. 2009 ஜனவரியில் பறவை மோதி இரண்டு எஞ்சினும் போன விமானத்தை 155 பேரோடு ஹட்சன் ஆற்றில் இறக்கினார் கேப்டன் சல்லன்பெர்கர். 2016-ல் வந்த 'சல்லி' படத்தில், அந்த விபத்தை விசாரித்த அதிகாரிகள் வில்லன் மாதிரி வருவார்கள். நிஜ விசாரணையில் அப்படி யாரும் அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. நிலைமையைப் புரிந்து முடிவெடுக்க ஒரு மனுஷனுக்கு ஆகும் நேரத்தைச் சேர்த்தால் விமான நிலையத்துக்குத் திரும்பியிருக்க முடியாது என்பதை அந்த விசாரணையே சோதித்துச் சொன்னது. வில்லன் இல்லாத கதைக்கு சினிமா ஒரு வில்லனைச் செய்துகொண்டது. அதைப் பார்த்துப் பழகிய நாமும், ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் மறுநாள் காலையே ஹீரோ யார், வில்லன் யார் என்று வாட்ஸ்அப்பில் தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

சரி, காமெடி?

விமானக் காமெடிக்கு உலகமே சொல்லும் உதாரணம் 1980-ல் வந்த 'ஏர்பிளேன்!'. அதன் ரகசியம் பலருக்குத் தெரியாது. 1957-ல் வந்த 'ஸீரோ அவர்!' என்ற சீரியஸான படத்தின் உரிமையை முறையாக வாங்கி, கிட்டத்தட்ட அதே கதையை வைத்து எடுத்தார்கள். நடிகர்கள் முகத்தில் சிரிப்பே இருக்காது. ஆபத்தை நிஜம் என்று நம்பிப் பேசுகிறார்கள், அதனால்தான் சிரிப்பு வருகிறது.

நம்மிடம் அந்த வித்தை தெரிந்த படம் ராதாமோகனின் 'பயணம்'. 2011-ல் வந்தது. சென்னையிலிருந்து டெல்லி போகும் விமானத்தைக் கடத்துகிறார்கள், அது திருப்பதியில் இறங்குகிறது. 1999 டிசம்பரில் காத்மாண்டுவில் கிளம்பி அமிர்தசரஸ், லாகூர், துபாய் என அலைந்து காந்தஹாரில் நின்ற ஐசி 814 கடத்தலை நினைவுபடுத்தும் கதை. இவ்வளவு இறுக்கத்துக்குள்ளும் சிரிப்பு வருகிறது. பயணிகளில் ஒரு சினிமா ஹீரோ இருக்கிறார். திரையில் நூறு பேரை அடிப்பவர், இங்கே மற்றவர்களைப் போலவே பயந்து உட்கார்ந்திருக்கிறார். அவருடைய ரசிகனோ, 'தலைவர் இப்போ எழுந்திருப்பார்' என்று காத்திருக்கிறான். இந்தச் சிரிப்பு யாரையும் கேவலப்படுத்தவில்லை. துப்பாக்கி முன்னால் எல்லோரும் ஒன்றுதான் என்று சொல்கிறது. 'பீஸ்ட்' சீரியஸாக எடுத்த விஷயத்தை 'பயணம்' 11 வருஷம் முன்பே கிண்டல் செய்துவிட்டது.

கலசப்பாக்கத்திலிருந்து பார்த்தால்

இதற்கு நேர் எதிரான இன்னொரு காமெடி நம் படங்களில் உண்டு. வேட்டி கட்டியவர் முதல் தடவை விமானத்தில் ஏறுவார். பெல்ட் போடத் தெரியாது. பாத்ரூம் கதவு திறக்கத் தெரியாது. ஜன்னலைத் திறக்கச் சொல்வார். ஏர் ஹோஸ்டஸ் முகம் சுளிப்பார். தியேட்டர் சிரிக்கும்.

ஜவ்வாது மலை அடிவாரத்தில், செய்யாற்றங்கரையில் இருக்கும் கலசப்பாக்கத்திலிருந்து யோசித்துப் பாருங்கள். இங்கிருந்து சென்னை விமான நிலையத்துக்கு பஸ்ஸில் பாதி நாள். பக்கத்தில் வேலூர் விமான நிலையம் 'உடான்' பட்டியலில் ஏறி வருஷங்கள் ஓடிவிட்டன, வழக்கமான பயணிகள் சேவை மட்டும் வரவில்லை. ஹவாய் செருப்பு போட்டவரும் விமானத்தில் போகணும் என்பதுதான் அந்தத் திட்டத்துக்குச் சொன்ன விளக்கம். இப்படிப்பட்ட ஊர்களில் பெங்களூருவிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்க்கும் பிள்ளை டிக்கெட் போட்டுத் தந்து, அப்பா அம்மா முதல்முறை பறப்பது இப்போது சாதாரணம். அந்தப் பிள்ளை, பெரும்பாலும் இதைப் படிக்கும் நீங்கள்தான்.

அப்படி ஏறுபவர், கேட்டால் சிரிப்பார்களோ என்று பயந்து கேட்காமல் இருந்தால் என்ன ஆகும்? பெல்ட்டை எப்படிக் கழற்றுவது, அவசர வழி எங்கே என்று தெரியாமலேயே உட்கார்ந்திருப்பார். அந்த பெல்ட் நம் கார் பெல்ட் மாதிரி பட்டனை அழுத்திக் கழற்றுவது அல்ல, மேல் மூடியைத் தூக்க வேண்டும். இது முதல்முறை பார்ப்பவருக்குத் தெரியாதது அவர் தப்பில்லை. 'சூரரைப் போற்று' இந்த இடத்தில்தான் ஜெயித்தது. ஊர் மக்கள் முதல்முறை விமானத்தில் வரும்போது, கேமரா அவர்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அவர்களோடு சேர்ந்து சிரித்தது.

சரி, விவரம் தெரிந்தவர்கள் என்று நினைத்துக்கொள்ளும் நாம் எப்படி? 2016 ஆகஸ்ட் 3 அன்று திருவனந்தபுரத்திலிருந்து போன எமிரேட்ஸ் விமானம் துபாய் ஓடுபாதையில் விழுந்து எரிந்தது. உள்ளே இருந்த 300 பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள். ஒரு தீயணைப்பு வீரர் உயிர் விட்டார். அன்று வெளியான வீடியோவில் புகைக்கு நடுவே பயணிகள் மேலே இருந்த பையை எடுத்துக்கொண்டிருந்தார்கள். 2024 ஜனவரி 2 அன்று டோக்கியோ ஹனேடாவில் எரிந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானத்தில் இருந்த 379 பேரும், பையை விட்டுவிட்டு இறங்கித் தப்பித்தார்கள். பாதி வழிகள் அடைபட்டாலும் 90 விநாடிக்குள் எல்லோரும் வெளியேற முடியும் என்று நிரூபித்த பிறகுதான் பயணிகள் விமானத்துக்கே அனுமதி கிடைக்கிறது. அந்தக் கணக்கில் லேப்டாப் பைக்கு இடமில்லை.

எரியும் விமானத்தில் லேப்டாப் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வழியை அடைத்து நிற்கும் ஐடி ஊழியர், அவரைப் பின்னாலிருந்து 'தம்பி, பையை விட்டுட்டு இறங்குப்பா' என்று அதட்டும் கலசப்பாக்கத்துப் பாட்டி. இந்த சீனை யாராவது எடுத்தால், மெஷின் நிஜமும் இருக்கும், மனுஷ நிஜமும் இருக்கும், தியேட்டரும் சிரிக்கும். நம்மைப் பார்த்துத்தான் சிரிக்கும், பரவாயில்லை. அதுவரை, அப்பா அம்மாவுக்கு டிக்கெட் போடும்போது பெல்ட் கழற்றும் விதத்தையும் பையை விட்டுவிட்டு இறங்க வேண்டும் என்பதையும் ஒரு வீடியோ கால் போட்டுச் சொல்லிவிடுங்கள்.