நம் பேய் எந்த ஊர்ப் பேய்?

கழகத்தின் குறும்பட இரவுகளில் பேய்ப்படம் இல்லாத ஆண்டு ஒன்று இருந்ததாக எனக்கு நினைவில்லை. காரணமும் தெரிந்ததுதான். கையில் இருப்பதோ சில நூறு ரிங்கிட். நடிகர்கள் விடுதித் தோழர்கள். படப்பிடிப்புக்கு வாய்ப்பது விரிவுரைகள் முடிந்த பிறகுள்ள இரவு. காதல் படத்துக்குப் பாட்டு வேண்டும், சண்டைப் படத்துக்கு ஆள்பலம் வேண்டும். பேய்ப்படத்துக்கு இருட்டு போதும், அது காசில்லாமல் கிடைக்கிறது. இந்தக் கணக்கில் எனக்கு மறுப்பில்லை. படித்து முடித்து வெளியேறிய பிறகும் தவறாமல் வந்து பார்வையாளர் வரிசையில் உட்காருகிறவன் என்ற உரிமையில் ஒரு குறையைச் சொல்கிறேன்: இருட்டிலிருந்து வெளியே வருகிற பேய் நம்முடைய பேயாக இல்லை.

வெள்ளைச் சேலை, விரித்த தலைமுடி, முகத்தில் அப்பிய மாவு, காலில் கொலுசு. (கழகத்தில் நீளமான கூந்தல் உள்ள தங்கைக்கு வேறு வேடமே கிடைப்பதில்லை என்பது தனிக்கதை.) அது வாய் திறந்தால் தமிழ்நாட்டுத் திரைப்படத் தமிழில் சபதம் போடுகிறது. அதைக் கண்டு ஓடுகிறவர்களும் அப்படியே பேசுகிறார்கள். கிள்ளானிலும் சுங்கைப் பட்டாணியிலும் பிறந்து வளர்ந்த பிள்ளைகள், இடைவேளையில் உணவகத்தில் ஒருவிதமாகவும் கேமரா முன்னால் வேறுவிதமாகவும் பேசுவது ஏன்? உண்மையில் பயந்தவனுக்கு வசனம் நினைவில் நிற்காது. வீட்டில் பேசுகிற தமிழ்தான் வாயில் வரும். "அடோய்" என்பான், "வா போலாம்லா" என்பான். அதைக் கேட்டால் அரங்கம் சிரித்துவிடும் என்று இயக்குநர்கள் அஞ்சுகிறார்கள். சிரிக்கட்டுமே. முதல் ஐந்து நிமிடம் சிரித்துக்கொண்டிருந்தவர்களைப் பிறகு பயமுறுத்துவது இன்னும் எளிது.

பணமில்லாததை ஒரு குறையாக நான் ஒப்புக்கொள்வதில்லை. 1999இல் வெளிவந்த 'தி பிளேர் விட்ச் புரோஜெக்ட்' படத்தில் மூன்று மாணவர்கள் ஆவணப்படம் எடுக்கக் காட்டுக்குள் போகிறார்கள். கடைசிவரை சூனியக்காரி திரையில் தோன்றுவதே இல்லை. 2007இல் திரையிடப்பட்ட 'பேராநார்மல் ஆக்டிவிட்டி' சுமார் 15,000 அமெரிக்க டாலரில், இயக்குநரின் சொந்த வீட்டிலேயே எடுக்கப்பட்டது. அதில் நம்மை நடுங்க வைக்கும் காட்சிகளில் பாதி, படுக்கையறை மூலையில் அசையாமல் நிற்கும் கேமரா பார்த்தவைதான். கதவு சற்றே அசைகிறது, அவ்வளவு! மாவுக்கும் சேலைக்கும் செலவிடும் காசை மிச்சம் பிடித்து அதை ஒலிக்குக் கொடுங்கள் என்பேன்.

நம் படங்கள் தோற்பது பெரும்பாலும் ஒலியில்தான். படத்தை எடுக்கும் கைத்தொலைபேசி பத்தடி தள்ளி நிற்கும். அதிலேயே குரலையும் பதிவு செய்தால் நடிகரைவிட மின்விசிறிதான் நன்றாகப் பேசும். இன்னொரு கைத்தொலைபேசியை விமான நிலையில் வைத்து நடிகரின் சட்டைப் பையிலோ பக்கத்து மேசையில் ஒரு புத்தகத்தின் மறைவிலோ வைத்துப் பதிவு செய்யுங்கள். ஒவ்வொரு காட்சியின் தொடக்கத்திலும் ஒருமுறை கைதட்டினால் பிறகு படத்தையும் ஒலியையும் பொருத்திவிடலாம். இடத்தைவிட்டுக் கிளம்புமுன் எல்லாரும் வாய்மூடி நின்று, அந்த இடத்தின் வெறும் ஒலியை 30 விநாடியாவது பதிவு செய்துகொள்ளுங்கள். வெட்டி ஒட்டும்போது அதன் அருமை தெரியும். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் அலறலை எல்லாப் படத்திலும் கேட்டுச் சலித்துவிட்டோம். நம் ஊர் இரவில் பூச்சிகளின் இரைச்சல் ஓய்வதே இல்லை. அது சட்டென்று நின்றுபோவதைவிடப் பயங்கரமான பின்னணி இசை எதுவும் எனக்குத் தெரியாது.

இனி, பேய்க்கு எங்கே போவது? நம்மில் பலருடைய பாட்டிகள் விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு தனியாக நிரைக்குப் போய் மரம் வெட்டியவர்கள். விளக்கு வெளிச்சம் விழும் ஒரே மரத்தைத் தவிரச் சுற்றிலும் இருட்டு. பின்னால் என்ன நிற்கிறது என்று திரும்பிப் பார்க்கவும் நேரமில்லை. இதைவிட நல்ல ஒளியமைப்பை எந்தப் பயிற்சிப் பட்டறை கற்றுக் கொடுக்கும்? 1950களின் இறுதியில் தொடங்கிய தோட்டத் துண்டாடலும், பிறகு வந்த செம்பனையும் வீடமைப்புத் திட்டங்களும் அந்த லயங்களைக் காலி செய்துவிட்டன. கதைகள் அங்கிருந்தவர்களின் நினைவில் மட்டும் இருக்கின்றன. அவர்களும் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். 2005இல் வந்த 'செம்மண் சாலை' தோட்ட வாழ்க்கையை நம் தமிழிலேயே திரைக்குக் கொண்டு வந்தது. நம் தோட்டத்துப் பயங்களும் அப்படி வரவேண்டாமா?

இந்த மண்ணின் பயத்தைக் காதுகொடுத்துக் கேட்டவர்கள் முன்பும் இருந்தார்கள். சிங்கப்பூரில் 1957இல் வெளிவந்த 'பொந்தியானாக்' என்ற மலாய்ப் படத்தை இயக்கியவர் இந்தியாவிலிருந்து வந்த பி.என். ராவ். பிரசவத்தில் இறந்த பெண்ணின் ஆவி பற்றிய அந்த நம்பிக்கையும் வாழைமரத்துப் பயமும் நம் வீடுகளிலும் உண்டு. அவ்வளவு பேர் பார்த்த அந்தப் படத்தின் பிரதி இன்று கிடைப்பதில்லை. பெரிய நிறுவனத்தின் படத்துக்கே அந்தக் கதி என்றால் பாட்டி சொன்ன கதைக்கு யார் பொறுப்பு?

ஒரே ஒரு வேண்டுகோள்: முனியைப் பேயாக்காதீர்கள். தோட்டத்து எல்லையில் சூலத்தோடும் சுருட்டோடும் இருப்பவர் காவல் தெய்வம். அவருக்கு நேர்ந்துகொண்டுதான் நம் முன்னோர் காட்டுக்குள் கால் வைத்தார்கள். அவரைக் கண்சிவந்த வில்லனாகக் காட்டும் படத்தை நம்மவர்களே எடுத்தால், அந்தப் பாட்டியை எப்படி அரங்குக்கு அழைத்து வருவது?

எனவே அடுத்த ஆண்டுப் படத்துக்குக் கதை எழுத உட்காருமுன் விடுமுறையில் ஊருக்குப் போங்கள். பேய்க்கதை சொல்லுங்கள் என்று கேட்டால் பெரியவர்கள் சிரித்து மழுப்புவார்கள். எந்த நிரைக்கு யாரும் தனியாகப் போகமாட்டார்கள், ஏன் என்று கேளுங்கள். கேட்டதைப் பதிவு செய்துகொள்ளுங்கள். தோட்டத்திலேயே படம் எடுப்பதானால் நிர்வாகியிடம் எழுத்து வழி அனுமதி வாங்குங்கள், அருகிலுள்ள காவல் நிலையத்திலும் சொல்லி வையுங்கள். நள்ளிரவில் செம்பனைக்குள் விளக்கும் அலறலுமாக நின்றால், உங்கள் பேய்க்கு முன்னால் போலீஸ் வண்டி வந்துவிடும்.