பழங்கற்படி

கும்பகோணம் கடைத்தெருவின் இரைச்சலைக் கடந்து நாகேசுவரன் கோயிலுக்குள் நுழைந்து, கருவறையின் புறச்சுவரைச் சற்றே குனிந்து பார்த்தால், திருக்குடமூக்கு என்ற நம் ஊரின் பழம்பெயர் கல்லில் எழுதியிருப்பதைக் காணலாம். ஆயிரம் ஆண்டுக்கு முற்பட்ட சோழர் எழுத்து அது. சோழநாட்டுச் சுவர்கள் பெரும்பாலும் பேசுவது ஒரே கதையைத்தான்: இன்ன மன்னனின் இத்தனையாவது ஆட்சியாண்டில் இன்ன ஊர்க்காரர் ஒரு நந்தாவிளக்குக்கு 96 ஆடுகள் விட்டார், அவற்றைப் பெற்றுக்கொண்ட இடையர் சந்திர சூரியர் உள்ளவரை நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்கக் கடவர். மன்னனின் வெற்றிகள் காலத்தைக் குறிப்பதற்காக முதல் வரியில் வந்து போகின்றன. மீதமெல்லாம் ஆடும் நெய்யும் நிலமும், அவற்றுக்குப் பொறுப்பேற்ற எளிய மனிதர்களும்தான். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் 1927 முதல் சாலையோரங்களில் வரலாற்றுப் பலகைகளை நட்டு வருகிறார்கள். இங்கே இன்னது நடந்தது என்று பிற்காலத்தவர் முற்காலத்தைப் பற்றிச் சொல்லும் பலகைகள் அவை. நம் சுவர்களிலோ முற்காலத்தவரே நம்மிடம் நேராகப் பேசுகிறார்கள். இந்தத் தருமத்தைக் காத்தவர் பாதம் எங்கள் தலைமேல் என்று, இன்னும் பிறக்காதவர்களைப் பார்த்துக் கும்பிடுகிறார்கள். அந்தக் கும்பிடு வந்து சேர வேண்டிய இடத்தில் இன்று நாம் நிற்கிறோம்.

கல்லில் எழுதியது என்றும் நிலைக்கும் என்கிறோம். காவிரிக்கரையின் வரலாறு அப்படிச் சொல்லவில்லை. குடந்தை என்றும் வழங்கும் கும்பகோணத்துக்கு வடகிழக்கே, ஆற்றின் வடகரையில் இருக்கிறது திருக்கோடிக்காவல். கண்டராதித்த சோழரின் தேவியான செம்பியன் மாதேவியார், கணவர் மறைந்தபின் நீண்ட காலம் வாழ்ந்து, ஊர் ஊராகப் பழைய கோயில்களைக் கற்றளிகளாக்கியவர். அங்கேயும் அந்தத் திருப்பணி நடந்தது. பழைய சாசனங்கள் பொறித்த கற்கள் இடத்தைவிட்டுப் பெயர்ந்து கிடந்தன. புதுச்சுவர் எழும்பும் பரபரப்பில் அவற்றை அடித்தளத்தில் போட்டு மூடியிருந்தால் யார் கேட்டிருப்பார்கள்? அரசியார் அவற்றைப் படியெடுத்துப் புதிய சுவரில் வெட்டச் செய்தார். ‘இதுவும் ஒரு பழங்கற்படி’, அதாவது பழைய கல்லின் நகல், என்ற குறிப்பையும் அங்கே காண்கிறோம். அவற்றில் பல்லவர் ஆட்சியாண்டும் உண்டு, சோழர்கள் போரிட்டு வென்ற பாண்டியரின் ஆட்சியாண்டும் உண்டு. தம் குலத்தின் பெயர் மட்டும் நிற்கட்டும் என்று அந்த அம்மையார் எண்ணவில்லை. தஞ்சைப் பெரிய கோயிலுக்குக்கூட நான் இவ்வளவு மனம் கசிந்து வணங்கியதில்லை.

இதே காரியம் ஏறத்தாழ ஒன்பது நூற்றாண்டுகள் கழித்து இதே வட்டாரத்தில் வேறு உருவில் நடந்தது. 1880-இல் குடந்தைக் கல்லூரிக்குத் தமிழாசிரியராக வந்தார் உ.வே. சாமிநாதையர். ஊருக்கு மாற்றலாகி வந்த முன்சீப் சேலம் இராமசுவாமி முதலியார் அவரிடம் சீவக சிந்தாமணியைப் பற்றிக் கேட்டார். அந்தக் கேள்வியிலிருந்து ஏடு தேடல் தொடங்கியது. செல்லரித்த ஓலைகளை ஒப்புநோக்கிப் படியெடுத்து 1887-இல் அச்சில் கொண்டுவந்தார் ஐயர். அரசியாருக்கும் ஐயருக்கும் இடையில் நாயக்கர் காலம் வந்துபோனது. நாயக்கரின் அமைச்சர் கோவிந்த தீட்சிதர் மகாமகக் குளத்தைச் சுற்றி 16 மண்டபங்கள் எழுப்பினார். ஆட்சிகள் மாறின, சேர்ந்துகொண்டே போனது ஊர். 1866-இல் நகராட்சி, 2021-இல் மாநகராட்சி. ஒவ்வொரு தலைமுறையும் முந்தையதன்மேல் கட்டியிருக்கிறது. மேலே கட்டும்போது கீழே இருந்ததைப் படித்துப் பார்த்ததா என்பதில்தான் தலைமுறைக்குத் தலைமுறை வேறுபாடு.

நம் காலத்துத் திருப்பணிகளில் பக்திக்குக் குறையில்லை. ஆனால் பல ஊர்களில் சுவரை மணல் பீய்ச்சித் துலக்கியபோது எழுத்தின் விளிம்புகள் மழுங்கிப்போயின. தரையை உயர்த்திப் பளிங்கு பதித்ததில் அதிட்டானத்து வரிகள் புதைந்தன. செய்தவர்கள் பகைவர்கள் அல்லர். கோயில் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று விரும்பிய நம்மவர்கள்தான். அதுதான் எனக்குத் துயரம் தருகிறது.

2028-இல் அடுத்த மகாமகம். அதற்கு முன் எத்தனையோ கோயில்களில் சாரம் கட்டுவார்கள். முதல் மூங்கிலை நடுவதற்கு முன் கல்வெட்டு படிக்கத் தெரிந்த ஒருவரை அழைத்து, மைப்படி எடுத்து, பெயர்க்கும் கற்களுக்கு வரிசை எண் இட்டு வைக்கலாம். இப்போதுகூட ஊர்க் கல்லூரி மாணவர்கள் நாலு பேர் சேர்ந்தால் நடக்கும் வேலை இது.