பெட்டகம் மக்களுடையது, சாவி யாருடையது?

பிரிட்டனிலே வீட்டில் தொலைக்காட்சி பார்ப்போர் ஆண்டுதோறும் உரிமக் கட்டணம் கட்டுகின்றனர். 2025 ஏப்ரலில் அது 174.50 பவுண்டாக உயர்த்தப்பட்டது. மாளிகைக்காரருக்கும் அதே தொகை. பேருந்து ஓட்டும் தொழிலாளிக்கும் அதே தொகை! அந்தப் பணத்தில் வளர்ந்ததுதான் பி.பி.சி.; 1941-லேயே தமிழிலும் ஒலிபரப்பத் தொடங்கிய அதே நிலையம்.

பணம் மக்களுடையது. அப்பணத்தில் எடுத்த படமும் பதிந்த குரலும் யாருடையவை? இதைத்தான் கேட்கிறோம் நாம்.

2003-ல் அதன் தலைமை இயக்குநர் கிரெக் டைக், பழைய நிகழ்ச்சிகளை இணையத்திலே மக்களுக்குத் திறந்துவிடுவோம் என்று அறிவித்தார். 2005-ல் சோதனை தொடங்கிற்று. சில நூறு துண்டுப் படங்கள் வந்தன. 2006-ல் சோதனை முடிந்தது. பெட்டகமோ முழுதாகத் திறக்கவில்லை! நடிகர், இசைவாணர், எழுத்தாளர் ஆகியோரின் உரிமைச் சிக்கல் ஒரு பெருந்தடை. அவர்களும் உழைப்பாளிகளே, அவர்களுக்குரிய ஊதியத்தைக் கொடுத்தே தீரவேண்டும். ஆனால் அதையே சாக்காக்கிக் கதவை அடைத்து வைப்பது நியாயமாகாது.

கதவு திறந்தால் மட்டும் போதுமா? போதாது, தோழர்களே! 2007-ல் 'ஐபிளேயர்' வந்தபோது, மைக்ரோசாஃப்ட் கம்பெனியின் விண்டோஸ் உள்ள கணிப்பொறியில்தான் நிகழ்ச்சியை இறக்கிக்கொள்ள முடிந்தது. கட்டணம் எல்லோரிடமும், காட்சி ஒரு கம்பெனியின் வாடிக்கையாளருக்கு மட்டும்! எதிர்ப்பு கிளம்பிற்று. அவ்வாண்டு டிசம்பரிலேயே மற்றக் கணிப்பொறிகளிலும் பார்க்க வழி பிறந்தது. கேட்டதால் கிடைத்தது. இத்தனைக்கும், எவருக்கும் கப்பம் கட்டாமல் பயன்படுத்தத்தக்க 'டிராக்' என்னும் காணொளி முறையை உருவாக்கியவர்களே பி.பி.சி.யின் பொறியாளர்கள்தாம்! திறமைக்குப் பஞ்சமில்லை, துணிவுக்குத்தான் பஞ்சம்.

ஒரே வடிவத்தை நம்பினால் என்ன ஆகும்? 1086-ல் இங்கிலாந்து மன்னன் வில்லியம், நாட்டு நிலக் கணக்கைத் தோலிலே எழுதவைத்தான். அது இன்றும் படிக்கக் கிடக்கிறது. அதன் 900-ஆம் ஆண்டு நினைவாக, 1986-ல் பி.பி.சி. பொதுமக்கள் பலர் எழுதித்தந்த ஊர்ச் செய்திகளைத் தனிவகை லேசர் தட்டிலே பதித்தது. இருபதாண்டு ஆகுமுன்பே அத்தட்டைப் படிக்கும் கருவி அரிதாயிற்று; ஆராய்ச்சியாளர்கள் பாடுபட்டு அதை மீட்க நேர்ந்தது. தோல் வென்றது, தட்டு தோற்றது! காரணம்? தோலைப் படிக்கக் கண் போதும். தட்டைப் படிக்கக் குறிப்பிட்ட ஒரு கருவி வேண்டும்.

ஆகவே நாம் சொல்வது இது: கலைஞருக்கு ஊதியம் கொடு. மூலப் பதிவைக் காப்பாற்று. ஒரு கம்பெனிக்கு அடிமையாகாத, திறந்த வடிவங்கள் பலவற்றிலே மக்களுக்கு அளி. விலையுயர்ந்த கருவி உள்ளவனுக்கும், பழைய கருவி உள்ளவனுக்கும், குறைந்த வேக இணைப்பு உள்ளவனுக்கும் ஏற்ற வடிவம் இருக்கட்டும்!

பி.பி.சி.யின் இன்றைய அரச சாசனத்துக்கு 2027 டிசம்பர் 31 வரையே ஆயுள். அடுத்த சாசனத்திலே இக்கடமை எழுதப்படுமா, அல்லது நிர்வாகத்தின் நல்லெண்ணத்துக்கே விடப்படுமா? நல்லெண்ணம் ஆள் மாறினால் மாறும்; எழுதிய உரிமை நிற்கும். கூலி உயர்வைக்கூட வாய்ச்சொல்லாக ஏற்காமல் ஒப்பந்தமாகக் கேட்டுப் பெற்ற தொழிலாளிக்கு, இதை நாம் விளக்கவும் வேண்டுமோ?