இரகசியக் குறிப்பு எதற்கு?

பரமக்குடித் தறியில் இழை அறுந்தால், நெசவாளி தறியை நிறுத்தி அப்போதே முடிச்சுப் போட்டுவிடுகிறார். அறுந்தது கண்ணுக்குத் தெரிந்தால்தானே முடிச்சுப் போட முடியும்?

சர்க்கார் உத்தியோகத்தில் வெகுகாலம் இந்த வசதி இல்லை. மேலதிகாரி ஆண்டுதோறும் இரகசியக் குறிப்பு எழுதுவார். பாதகமான குறிப்பை மட்டுமே ஊழியருக்குச் சொல்வார்கள். மற்றவை பீரோவுக்குள் தூங்கும்!

எல்லைச் சாலைப் பிரிவு என்ஜினீயர் தேவ்தத்துக்கு 1993-94-ஆம் ஆண்டுக்குக் கிடைத்த தரம் "நன்று". பதவி உயர்வுக்கு வேண்டியதோ "மிக நன்று". நல்ல வார்த்தையே அவர் வழியை அடைத்தது! அந்தச் சேதி அவருக்குத் தெரிவிக்கப்படவும் இல்லை. வழக்குத் தொடர்ந்தார். எந்தக் குறிப்பானாலும் ஊழியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2008-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. முழுக் குறிப்பையும் ஊழியருக்குக் காட்டும்படி 2009-ல் மத்திய சர்க்கார் உத்தரவிட்டது.

"உள்ளதை எழுதினால் விரோதம் வருமே" என்பார்கள் அதிகாரிகள். நேரில் சொல்லத் துணியாத குறையை மறைவில் எழுதுவது மட்டும் நியாயமா?

ஊழியர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் பணிப் பதிவேட்டை அவ்வப்போது கேட்டு வாங்கிப் பாருங்கள். பிறந்த தேதியில் ஒரு பிழை, விடுப்புக் கணக்கில் ஒரு விடுபாடு இருந்தாலும், ஓய்வு பெறும்போது பென்ஷனுக்கு அலைய நேரும். அறுந்த இழைக்கு அன்றே முடிச்சுப் போடுங்கள்!