ஏடும் ஆறும்

‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது’ என்பது பழமொழி. நாவலுக்கும் இது பொருந்தும் என்பது என் கருத்து.

இவ்வாண்டு தமிழாசிரியை டி. செல்வராஜின் ‘தோல்’ நாவலிலிருந்து சில பகுதிகளை வாசித்துக் காட்டினார். 2012-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற நூல் அது. திண்டுக்கல் தோல் தொழிலாளரின் துயரைக் கேட்டுக் கண்கலங்கினோம். மணி அடித்ததும் மறந்தும் போனோம்.

மறுவாரம் அறிவியல் ஆசிரியை எங்களைப் பாலாற்றங்கரைக்கு அழைத்துச் சென்றார். கரையோரக் கிணற்று நீரை ஒரு தட்டிலும், சேமித்த மழைநீரை மற்றொன்றிலும் வெயிலில் காயவைத்தோம். மழைநீர்த் தட்டில் ஒன்றுமில்லை. கிணற்று நீர்த் தட்டில் கரண்டியால் சுரண்டுமளவு உப்பு! எல்லாக் கிணற்றிலும் சிறிது உப்பு உண்டு. ஆனால் தோல் கெடாதிருக்க இடும் உப்பும் கழிவுநீரோடு நிலத்தில் இறங்குகிறது என்று ஆசிரியை விளக்கினார். 1996-இல் உச்ச நீதிமன்றம் பாலாற்றைக் காக்கத் தீர்ப்பளித்தது ஏன் என்பது அன்றுதான் புரிந்தது.

என் தந்தையும் டேனரியில் உழைப்பவரே. எங்கள் வீட்டு அடுப்பு எரிவது அதனால்தான். தொழிலை மூடுங்கள் என்று சொல்ல எனக்கு மனமில்லை. ஆறு போனால் போகட்டும் என்று சொல்லவும் மனமில்லை. நாவலும் ஆறும் சேர்ந்தே என்னை இப்படிச் சிந்திக்க வைத்தன.

ஆகவே, நாவல் படிக்கும்போதெல்லாம் ஒரு நாள் வெளியே செல்ல அனுமதியுங்கள், அன்புச் சகோதரிகளே! படிப்புக் கெடும் என்று தடுக்காதீர்கள், பெற்றோரே! அதுவும் படிப்புத்தான்.

— பத்தாம் வகுப்பு மாணவி