தானாக அடுக்கிக்கொள்ளுமாம்!

"தானாகவே அடுக்கிக்கொள்ளும் பாலிமர்" என்று வகுப்பில் சொல்லித் தருகிறார்கள். பாதிப் பொய்! பாலிஸ்டைரீனையும் பிஎம்எம்ஏ-வையும் ஒரே சங்கிலியாகப் பிணைத்து, சிலிக்கான் மேல் மெல்லிய படலமாகப் பூசிச் சூடாக்கிப் பாருங்கள். சிலிக்கானின் ஆக்சைடு பரப்பு பிஎம்எம்ஏ-வை இழுத்துக்கொள்ளும். அடுக்குகள் பாய் விரித்ததுபோல் படுத்துவிடும். சிப்பில் கோடு போட வேண்டுமென்றால் அவை நிமிர்ந்து நிற்க வேண்டுமே?

1997-ல் மான்ஸ்கி, ரஸ்ஸல், ஹாக்கர் குழு பரப்பையே மாற்றிக் காட்டியது. ஸ்டைரீனும் மெத்தில்மெத்தாக்ரிலேட்டும் ஒழுங்கின்றிக் கலந்த சங்கிலிகளைச் சிலிக்கானில் நட்டார்கள். தடிமன் சுமார் 5 நானோமீட்டர்தான்! ஸ்டைரீன் ஏறக்குறைய 60 சதவீதம் இருந்தால் பரப்பு எந்தப் பக்கமும் சாயாது; அதன் மேல் அடுக்குகள் நிமிர்ந்து நிற்கும்.

பெயர் மட்டும் பாலிமருக்கு, பரப்புக்கு ஒரு வரியா? சோதனை சொதப்பினால் பாலிமரைத் திட்டும் மாணவர்களே, முதலில் கீழே பாருங்கள். "தானாக" எதுவும் நடப்பதில்லை!