நட்டு கழற்ற ஒரு நல்ல தடி



சங்கக் கூட்டங்களில் நாம் ஜி.எஸ்.டி. பேசுகிறோம், உணவுப் பாதுகாப்பு உரிமம் பேசுகிறோம், கடை வாடகை பேசுகிறோம். ஒரு முழ நீள இரும்புத் தடியைப் பற்றி யாரும் பேசியதில்லை. ஆனால் விடிகாலை நாலு மணிக்குச் சரக்கு ஏற்றிய வண்டி சந்துக்குள் பஞ்சராகி நிற்கும்போது, அன்றைய வியாபாரம் நடப்பதும் கெடுவதும் அந்தத் தடியைப் பொறுத்தே அமைகிறது. ஆகையால் இம்முறை அதைப் பற்றியே எழுத எண்ணினோம்.

முன்பு நம் சரக்கு லாரி புக்கிங்கில் வந்து இறங்கும். அங்கிருந்து கடைக்கு மாட்டு வண்டியும் தள்ளுவண்டியும் போதும். அச்சாணி கழன்றால் பார்த்துக்கொள்ள ஆசாரி இருந்தார். லாரிச் சக்கரம் கழன்றால் அது லாரிக்காரர் தலைவலி. 2005-இல் டாடா ஏஸ் வந்தது. நம் ஜனங்கள் அதற்குக் குட்டி யானை என்று பெயர் வைத்தார்கள். அதன் பிறகு மளிகைக் கடைக்காரரே சொந்தமாகவோ தவணையிலோ ஒரு சுமை வண்டி வைத்துக்கொள்ளும் காலம் வந்துவிட்டது. வண்டி நம்முடையது என்றால் அதன் நட்டும் நம்முடையதுதானே.

தஞ்சாவூரில் நான்கு ராஜவீதிகளை விட்டு உள்ளே திரும்பினால் எத்தனை சந்துகள் என்று நமக்குத் தெரியும். ஒரு பக்கம் சாக்கடைக் கட்டு, மறு பக்கம் வீட்டுத் திண்ணை. கும்பகோணம் கடைத்தெருப் பக்கமும் இதே கதைதான். வண்டியோடு கொடுக்கும் வீல் ஸ்பேனரை நட்டில் மாட்டினால் கைப்பிடி கால் சுற்று வருவதற்குள் சுவரில் இடிக்கும். சாக்கடைப் பக்கமுள்ள சக்கரமானால் காலை ஊன்றவே இடமிராது.

நட்டு ஏன் இப்படிப் பிடித்துக்கொள்கிறது என்று கேட்கலாம். டெல்டாவில் தண்ணீருக்கும் சேற்றுக்கும் குறைவில்லை. அறுவடைக் காலத்தில் வயலோரத்துக் கொள்முதல் நிலையம் வரை வண்டி போய்வருகிறது. வேதாரண்யத்து உப்பு ஏற்றிய வண்டியைக் கேட்கவே வேண்டாம், துரு மரைக்குள் புகுந்து உட்கார்ந்துவிடும். இதெல்லாம் போதாதென்று பஞ்சர் கடையில் ஏர் கன்னை வைத்து அழுத்தி முறுக்கிவிடுகிறார்கள். இயந்திரம் முறுக்கியதை மனிதன் கையால் கழற்ற வேண்டியிருக்கிறது.

இதற்கென்று உள்ள கருவிக்கு பிரேக்கர் பார் என்று பெயர். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கெட்டியான எஃகுத் தடி, அதன் நுனியில் கீல் போல மடங்கும் தலை, தலையில் சதுரக் கட்டை. அந்தச் சதுரத்தில் பாக்ஸ் ஸ்பேனர் செட்டின் சாக்கெட்டை மாட்டிக்கொள்ள வேண்டியது. பலர் இதற்குப் பதிலாக ராட்செட்டை எடுத்து ஏறி மிதிக்கிறார்கள். ராட்செட்டின் உள்ளே சின்னச் சின்னப் பற்கள் இருக்கின்றன. தளர்ந்த நட்டை மளமளவென்று சுற்றி எடுக்கத்தான் அது ஏற்பட்டது. துருப்பிடித்த நட்டில் அதைப் போட்டு மிதித்தால் நட்டுக்கு முன்னால் பல் உடையும். முதல் அசைவுக்குத் தடி, மீதிக்கு ராட்செட் என்பதே சரியான முறை.

இனி, எந்த நீளத்தில் வாங்குவது? இடுக்கான இடத்துக்குக் குட்டையான தடியே நல்லது என்று கடைக்காரர்களே சொல்லி விற்கிறார்கள். நாம் அதை முழுவதும் ஒப்புக்கொள்வதற்கில்லை. ஏற்றம் இறைத்த ஊர்க்காரர்களுக்கு நெம்புகோல் கணக்கைச் சொல்லித்தர வேண்டியதில்லை என்றாலும் ஒருமுறை போட்டுப் பார்ப்போம். கால் மீட்டர் நீளமுள்ள தடியின் முனையில் ஓர் ஆள் 40 கிலோ அளவுக்கு அழுத்தினால், அது ஒரு மீட்டர் தடியில் 10 கிலோவைத் தொங்கவிட்டதற்குச் சமம். சிறு வண்டிகளின் சக்கர நட்டை முறுக்கச் சொல்லும் அளவே ஏறக்குறைய அவ்வளவு இருக்கும். துரு ஏறியதைக் கழற்ற அதைப் போல இரண்டு மடங்கும் கேட்கும். ஆகவே பத்து அங்குலத் தடி இடுக்கில் நுழையும், ஆனால் நட்டு அசையாது. அரை மீட்டர் தடியானால் அதே 40 கிலோ அழுத்தத்துக்கு இரட்டிப்புப் பலன். ஆனால் அது சுவரில் இடிக்கும்.

நம் அபிப்பிராயத்தில் சுமை வண்டிக்கு 15 முதல் 18 அங்குலம் வரை உள்ள தடி பொருத்தம். சதுரம் அரை அங்குலம், அதாவது 12.5 மில்லிமீட்டர், இருக்கட்டும். எட்டில் மூன்று என்கிற 10 மில்லிமீட்டர்ச் சதுரம் கைக்கு அடக்கமாகத்தான் இருக்கும், ஆனால் சக்கர நட்டுக்கு வேண்டாம். பெரிய லாரி வைத்திருப்பவர்கள் முக்கால் அங்குலத்துக்குப் போக வேண்டும், அதற்கு நீளமும் வேறு. இழுத்தால் நீளும் தடியும் வருகிறது. வண்டி சீட்டுக்கு அடியில் வைக்க வசதிதான். நீட்டிய பின் பூட்டு ஆட்டம் கொடுக்கிறதா என்று பார்த்து வாங்கினால் குற்றமில்லை. ஆட்டம் இருந்தால் அப்படியே கடைக்காரர் கையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மடங்கும் தலை இருப்பதால் தடியைச் சாய்த்துப் பிடித்துச் சுவரைத் தவிர்க்கலாம். ஆனால் சாயச் சாயப் பலம் குறையும், சாக்கெட்டும் நட்டின் மேல் கோணலாக ஏறி வழுக்கப் பார்க்கும். எவ்வளவு நேராகப் பிடிக்க முடியுமோ அவ்வளவு நேராகப் பிடிக்க வேண்டும்.

இன்னொரு யுக்தி உண்டு, இது பட்டறையில் பழகியவர்களுக்கே தெரிந்தது. நட்டுக்கு ஆறு பக்கம். ஆறு மூலைச் சாக்கெட்டைக் கழற்றி அடுத்த பக்கத்தில் மாட்டினால் தடி 60 பாகை நகரும். சந்தில் அவ்வளவு வீச்சு கிடைக்காது. பன்னிரண்டு மூலைச் சாக்கெட்டானால் 30 பாகையில் மாட்டலாம், ஆனால் இறுகிய நட்டின் மூலையை அது மழுக்கிவிடும். ஆறு மூலைச் சாக்கெட்டை வைத்துக்கொண்டே, தடியின் சதுரத்திலிருந்து சாக்கெட்டை உருவிக் கால் சுற்றுத் திருப்பி மாட்டினால் தடி 90 பாகை மாறும். 90-ஐயும் 60-ஐயும் சேர்த்துக் கையாண்டால் 30 பாகைக்கு ஒரு நிலை கிடைத்துவிடும். நட்டும் மழுங்காது, இடமும் போதும். நாம் டிரைவர் தம்பிகளிடம் கேட்டுப் பார்த்தவரை இது பத்தில் எட்டுப் பேருக்குத் தெரியவில்லை.

வண்டியோடு இந்த விஷயம் முடியவில்லை. நம்மில் பலர் அரிசி ஆலைகளோடு கணக்கு வைத்திருக்கிறோம், சிலர் பங்கும் வைத்திருக்கிறோம். ஆலையில் எலிவேட்டரின் அடிப்பெட்டி தரைக்குக் கீழே குழியில் இருக்கும். ஓர் ஆள் இறங்கிக் குந்தினால் முழங்கை மடக்க இடமில்லை. தவிட்டுத் தூசியும் புழுங்கல் நெல்லின் ஈரமும் சேர்ந்து பேரிங் போல்ட்டைக் கல்லாக்கிவிடும். உண்மையில் குட்டைத் தடிக்கு உரிய இடம் அதுதான். பத்து அங்குலத்தில் ஒன்றும், அதோடு மாட்ட எக்ஸ்டென்ஷன் கம்பி ஒன்றும் அங்கே இருக்க வேண்டும். முதல் நாள் மாலையே துருவுக்கான எண்ணெய் விட்டு ஊறவைத்தால் மறுநாள் பாதி வேலை மிச்சம். குழியில் ஆள் இறங்குமுன் மெயின் சுவிட்சை அணைத்து ஃபியூஸைக் கையில் எடுத்துக்கொள்வதை எந்த ஆலை முதலாளியும் மேஸ்திரியிடம் மட்டும் விட்டுவிடக் கூடாது.

நம் கடைத்தெருவில் சில வருடங்களுக்கு முன் ஒரு தை மாதம், சம்பா நெல் வரத்து உச்சத்தில் இருந்த நேரம். அரிசி மூட்டை ஏற்றிய வண்டிக்குச் சக்கரம் மாற்ற வேண்டியிருந்தது. வீல் ஸ்பேனர் அசையவில்லை. யாரோ அடிபம்பிலிருந்து கழற்றிப்போட்ட பழைய பைப்பைக் கொண்டுவந்து கைப்பிடியில் சொருகினார்கள். லோடுமேன் ஒருவர் அதன் மேல் முழு உடம்பையும் சாய்த்தார். பைப் உருவிக்கொண்டது. அவர் சாக்கடைக் கட்டின் மேல் விழுந்து மணிக்கட்டு முறிந்தது. இரண்டு மாதம் மூட்டை தூக்கவில்லை. ஆஸ்பத்திரிச் செலவை முதலாளி கொடுத்தார், அதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் அந்த இரண்டு மாதம் அந்த வீட்டில் உலை எப்படி வைத்தார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். வேலையில் அடிபட்டவருக்கு முதலாளி நஷ்டஈடு தர வேண்டும் என்பது 1923-ஆம் வருடச் சட்டத்திலிருந்தே இருந்துவருகிறது. சட்டம் கிடக்கட்டும். சில நூறு ரூபாய்த் தடி வண்டியில் இருந்திருந்தால் அந்த ஆள் மறுநாளும் வேலைக்கு வந்திருப்பார்.

பைப் சொருகும் பழக்கத்தை விட்டொழிக்க வேண்டும். ஜாக்கி வைத்துத் தூக்குமுன்னே, சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைக் கொஞ்சம் அசைத்துவிட வேண்டும். தடியைத் தள்ளுவதைவிட நம் பக்கம் இழுப்பது பத்திரம். தள்ளித்தான் தீர வேண்டுமென்றால் விரலை மடக்காமல் உள்ளங்கையால் தள்ளட்டும். பழைய லாரிகள் சிலவற்றில் இடப்பக்கச் சக்கரத்துக்கு மரை எதிர்த்திசையில் இருக்கும். பலம் போடுமுன் அதைப் பார்க்காதவர்கள் கழற்றுவதாக நினைத்து முறுக்கிக்கொண்டிருப்பார்கள். முக்கியமாக, இந்தத் தடி கழற்ற மட்டுமே. இதைக்கொண்டு முறுக்கினால் ஸ்டட் நீண்டு ஒருநாள் அறுந்துபோகும்.

வாங்குவதைப் பற்றி. குரோம் வனேடியம் என்று அடித்திருக்கிறதா, செய்தவர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். லூதியானாவிலும் ஜலந்தரிலும் நல்ல கைக்கருவிகள் செய்கிறார்கள், வெளிநாட்டுக்கும் போகிறது. பெயரில்லாத பளபளப்புச் சரக்கில் முதலில் போவது தலையின் கீல் ஊசிதான். தலையை நாலு முறை மடக்கிப் பாருங்கள். லொடலொடவென்று ஆடாமல், வைத்த இடத்தில் நிற்க வேண்டும்.

இதை எழுதும்போது ஒன்று மனதை உறுத்துகிறது. வாடிக்கையாளர்கள் செல்போனில் மளிகை வாங்குகிறார்கள் என்று மேடை போட்டு வருந்துகிறோம். நம் அங்கத்தினர்களே ஸ்பேனரைச் செல்போனில் படம் பார்த்து வரவழைக்கிறார்கள். துவரம்பருப்பைக் கையில் அள்ளிப் பார்க்காமல் மூட்டை எடுப்போமா? இரும்புக்கு மட்டும் படம் போதுமா? நம் ஊர் இரும்புக்கடை அங்கத்தினர்களுக்கும் ஒரு வார்த்தை. கேட்பவர்களுக்கு பத்து அங்குலத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு, "வேறு அளவு இல்லை" என்று சொல்லாமல் மூன்று நீளத்திலும் இரண்டிரண்டு வாங்கி வையுங்கள். என்ன வண்டி, எந்த இடம் என்று விசாரித்துக் கொடுங்கள். செல்போனால் அந்தக் கேள்வியைக் கேட்க முடியாது.

சங்கத்துக்கு நாம் வைக்கும் யோசனை இது. எல்லாக் கடைக்காரர்களும் தனித்தனியே வாங்க முடியாது என்றால், தெருவுக்கு ஒரு செட் சங்கச் செலவில் வாங்கலாம். 18 அங்குலத் தடி ஒன்று, 17, 19, 21 மில்லிமீட்டர் சாக்கெட், எண்ணெய் டப்பா, கையுறை, இவ்வளவு போதும். இரவுக் காவலரிடம் ஒரு பெட்டியில் இருக்கட்டும், எடுப்பவர்கள் நோட்டில் கையெழுத்துப் போட்டு எடுக்கட்டும். அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் இதை எழுப்ப இருக்கிறோம். அதற்குமுன் அன்பர்கள் அவரவர் வண்டியின் சக்கர நட்டில் எந்தச் சாக்கெட் சரியாக உட்காருகிறது என்று பார்த்து, அளவைச் சீட்டில் எழுதிச் சங்க அலுவலகத்தில் கொடுத்துவைத்தால் வாங்குவதற்குத் தோதாக இருக்கும். ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்றும் கையோடு பார்த்துவிடுங்கள்.